கடைசி வரியில் ஒரு கமா

காயல்பட்டினத்தில் மாப்பிள்ளையாக வாழ்வது லேசுப்பட்ட காரியமில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள். கல்யாணம் ஆனதும் ஆண்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். வீடு பெண்ணின் பெயரில், அடுப்படி மாமியார் கையில், அவனுக்கென்று ஓர் அறை, ஒரு கட்டில், தலைக்கு மேல் ஃபேன். மாப்பிள்ளை வருகிறார் என்றால் வீட்டில் பேச்சு தாழும், தட்டில் கறி கூடும். அவரை ஒரு வேலை ஏவ மாட்டார்கள், ஒரு சொல் கடிந்து பேச மாட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாகும்வரைக்கும் விருந்தாளியாகவே இருந்து பார்த்தவனைக் கேட்டால்தான் அந்தச் சுகம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

தமீம் அப்படிப்பட்ட மாப்பிள்ளை. ஊரே ‘அவுஹ’ என்று மரியாதை வைத்துச் சொல்லும் ஆளை இங்கே அவன் என்றே சொல்லிவிடலாம். மரியாதை அவனுக்குத் திகட்டிப்போய் வெகுநாள் ஆகிறது. கல்யாணமான மறு வருஷமே ஷார்ஜாவுக்குப் போனான். மோட்டார் உதிரிபாகங்கள் வைக்கிற பெரிய கிட்டங்கியில் வேலை. சரக்கு வந்தால் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், போனால் கழிக்க வேண்டும். திரையில் கட்டம் கட்டமாக வரும், நிரப்பினால் போதும். அந்தக் கட்டங்களை வரைந்தது யார், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை. ஒருமுறை லீவில் வந்தபோது ஒரு கல்யாண விருந்தில் யாரோ, “மாப்பிள்ளைக்கு அங்க என்ன வேல?” என்று கேட்க, ‘டேட்டாபேஸ்’ என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து விழுந்துவிட்டது. மாமனார் அதைப் பொறுக்கி எடுத்துத் துடைத்து ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்த லீவுக்கு வந்து இறங்கியபோது தமீம் டேட்டாபேஸ் மேனேஜர் ஆகியிருந்தான். மறுத்துப் பேசினால் தலைகுனிவு மாமனாருக்கு. சும்மா இருந்துவிட்டான். மாமனார் மவுத்தான பிறகும் அந்தப் பட்டம் மட்டும் சாகவில்லை.

பிறகு கிட்டங்கிக்கு ஸ்கேனர் வந்தது. பெட்டியைக் காட்டினால் கணக்கு தானாக ஏறிக்கொண்டது. தமீமைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, கேக் வெட்டி, அனுப்பிவைத்துவிட்டார்கள். அவன் வழக்கம்போலப் பால்பவுடர், தைலம், சாக்லேட், மகள் லுப்னாவுக்கு அத்தர் எல்லாம் வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு சுற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். லீவு என்றான். மனைவி சம்சுன்னிசா சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தாள். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அவள் சிரித்ததால் சொல்ல முடியவில்லை.

காயலில் லீவில் வந்தவனைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. “எப்போ பயணம்?” என்றுதான் கேட்பார்கள். பள்ளிவாசலில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், கடற்கரையில் காற்று வாங்கப் போனால் மணலில் உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்த்துக் கேட்பார். அடுத்த மாசம் என்றான். பிறகு விசாவில் ஒரு சிக்கல் என்றான். பிறகு தொழுகைக்குப் பிந்திப் போய் முந்தி வர ஆரம்பித்தான். பிறந்த வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்கலாம் என்றால் அது தங்கைக்குக் கொடுத்தாகிவிட்டது. அங்கே இப்போது வேறொரு மாப்பிள்ளைக்கு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த உலகத்தில் தனக்கென்று சாய்ந்துகொள்ள ஒரு சுவர்கூடக் கிடையாது என்பது நாற்பத்தேழு வயதில்தான் அவனுக்குப் புரிந்தது. அதுவரை அவனைத் தாங்கியது ஷார்ஜா.

அப்போதுதான் சம்சுன்னிசாவின் அண்ணன், அவள் ‘காக்கா’ என்று கூப்பிடுகிற ஜக்கரிய்யா, வந்தார். தூத்துக்குடியில் அவருக்குக் கிளியரிங் ஆபீஸ். துறைமுகத்துக்கு வந்திறங்கும் கண்டெய்னர்களுக்குச் சுங்கத்தில் தாள் வேலைகளை முடித்து வெளியே எடுத்துக் கொடுப்பது தொழில். வந்தவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். தங்கை மாப்பிள்ளை எதிரே சாய்ந்து உட்காருவது மரியாதையில்லை.

“மாப்பிள்ளை, ஒங்களால ஒரு ஒதவி ஆகணுமே. கண்டெய்னர் கணக்கெல்லாம் எக்ஸெல்லுல கெடந்து சீரழியுது. முறையா ஒரு டேட்டாபேஸ்ல டேபிள் போடணும். நீங்கோ அங்க பாக்குற வேலதானே? லீவு முடியிற வரைக்கும் நம்ம ஆபீஸுக்கு வந்து போட்டுத் தாங்களேன்.”

கதவுக்குப் பின்னால் சம்சுன்னிசாவின் வளையல் சத்தம் கேட்டது. தமீம் அவள் காதில் விழுகிறபடி, “அதுக்கென்ன மச்சான், போட்டாப் போச்சு,” என்றான்.

அன்று அசர் தொழுதுவிட்டு உட்கார்ந்து ஒரு முடிவு செய்தான். எப்பாடுபட்டாவது அந்த டேபிளைப் போட்டு நிறுத்திவிட வேண்டும். அது நின்ற அன்றைக்கே சம்சுவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ‘ஷார்ஜா வேலை போய்விட்டது, ஆனால் இங்கே எனக்கொரு வேலை தெரிகிறது.’ அந்த ‘ஆனால்’ இல்லாமல் வெறும் முதல் பாதியை மட்டும் கொண்டுபோய் அவள் முன்னால் வைக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

மறுநாளிலிருந்து திருச்செந்தூரிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்துத் தூத்துக்குடிக்குப் போய்வர ஆரம்பித்தான். ஆபீஸில் அவனுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை கொடுத்தார்கள். ஏசி கொடுத்தார்கள். பேச்சிமுத்து என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்துக்கும் சுங்கத்துக்கும் ஆபீஸுக்குமாகத் தாள்களோடு ஓடுகிறவர். ஓடாத நேரத்தில் கண்டெய்னர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர். அவர் தமீமுக்கு மட்டும் கண்ணாடி கிளாஸில் டீ கொண்டுவந்து வைத்தார். மற்றவர்களுக்குக் காகிதக் கப்.

ஜெப்ஸி என்ற நாசரேத்துப் பெண் அங்கே பில் போடுகிற வேலை பார்த்தாள். கம்ப்யூட்டர் படித்தவள். முதல்நாள் அவன் அறைக்கு வந்து, கம்ப்யூட்டரில் எந்தக் கறுப்பு ஜன்னலைத் திறப்பது, எங்கே எழுதுவது என்று காட்டினாள். “சும்மா ஒரு தடவை ஞாபகப்படுத்துறேன் சார், ஒங்களுக்குத் தெரியாததில்ல,” என்று சொல்லிக்கொண்டே காட்டினாள். முதலில் டேபிளுக்கு ஒரு பெயர், கண்டெய்னர் என்று அவளே வைத்துக் கொடுத்தாள். பிறகு ஒரு பிராக்கெட்டைத் திறந்து, அதற்குள் ஒவ்வொரு கட்டமாக: கட்டத்தின் பெயர், அதில் எழுத்து வருமா எண் வருமா தேதி வருமா என்ற விவரம், ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு கமா. எல்லாம் முடிந்தால் பிராக்கெட்டை மூடிவிடுவது. அவ்வளவுதான் என்றாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமல் போய்விட்டாள்.

அவ்வளவுதான் என்று சொன்னதை எழுத உட்கார்ந்தவனுக்கு உலகமே இருண்டது. எழுதிப் பொத்தானை அழுத்தினால் சிண்டாக்ஸ் எரர் என்று வரும். உன் எழுத்தில் பிழை, இன்ன இடத்துக்குப் பக்கத்தில் பார் என்று ஒரு துண்டு வரியையும் காட்டும். என்ன பிழை என்று சொல்லித் தொலைக்காது. அது காட்டுகிற இடத்தை எத்தனை தடவை பார்த்தாலும் அங்கே ஒரு தப்பும் தென்படாது. தப்பு அதற்கு முந்தின இடத்தில் இருக்கும், கம்ப்யூட்டர் தடுக்கி விழுந்த இடத்தைத்தான் காட்டுகிறது என்பது விளங்கவே அவனுக்கு வெகுநாள் பிடித்தது.

கண்டெய்னர் துறைமுக வாசலுக்குள் வந்த தேதிக்கு ‘கேட் இன் டேட்’ என்று ஒரு கட்டம் வைத்தான். வாய் எப்படிச் சொல்லுமோ அப்படியே மூன்று சொல்லாக இடம் விட்டு எழுதினான். கம்ப்யூட்டர் முதல் சொல்லை மட்டும் பெயர் என்று எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் பார்த்து முழித்தது. கோடு போட்டு மூன்றையும் ஒட்ட வேண்டும் என்று கண்டுபிடித்தான். அடுத்தது, துறைமுகத்தில் எந்தத் தாளை எடுத்தாலும் இருக்கிற இரண்டு கட்டங்கள்: ஃப்ரம், டூ. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது. அந்தச் சொற்களைக் கம்ப்யூட்டர் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறதாம், வேறு யாரும் பெயராக வைக்கக் கூடாதாம். கொழும்பிலிருந்து வந்த பெட்டியை எங்கிருந்து வந்தாய் என்று கேட்க முடியாத துறைமுகம் ஒன்று உண்டா? அதையும் மாற்றினான். கப்பலின் பெயருக்கு எழுத்து வரும் என்று எழுதினான். எத்தனை எழுத்து என்று அது கேட்டது. உலகத்தில் ஓடுகிற கப்பல்களுக்கெல்லாம் எவ்வளவு நீளத்தில் பெயர் வைப்பார்கள் என்று தமீம் எங்கே போய்க் கேட்பான்?

ஒவ்வொரு எரரும் போகும்போது இதுதான் கடைசி என்று நினைப்பான். அடுத்தது வந்து நிற்கும். ஜெப்ஸியைக் கேட்கலாம். எப்படிக் கேட்பது? டேட்டாபேஸ் மேனேஜர் பில் போடுகிற பிள்ளையிடம் கமா எங்கே வைப்பது என்று கேட்டால், அது சாயங்காலத்துக்குள் காயலுக்கு வந்துவிடாதா? ஒருநாள் மானத்தை விட்டு அவள் மேசைவரைக்கும் போனான். அவள் பதறி எழுந்து நின்றுவிட்டாள். “நீங்க மெதுவாப் பாருங்க சார், அவசரமில்ல,” என்றாள். அவன் தன் அறைக்கே திரும்பிவிட்டான்.

அவசரமில்லை. அந்தச் சொல்தான் அவனை அரித்தது. ஜக்கரிய்யா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, “எப்புடிப் போவுது மாப்பிள்ளை? அவசரமில்ல, அவசரமில்ல,” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார். உள்ளே வந்து திரையைப் பார்க்க மாட்டார். ஷார்ஜாவில் ஒரு மலையாளி சூப்பர்வைசர் இருந்தார். ஒரு பெட்டி தவறினால் அவர் கத்துகிற கத்தல் கிட்டங்கியின் தகரக் கூரையில் இடிக்கும். அவரை நினைத்து இப்போது தமீமுக்கு ஏக்கமாக இருந்தது. இவ்வளவு நாளாக ஒரு டேபிள் போட உனக்குத் துப்பில்லையா என்று யாராவது ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பான். ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையை யார் கேட்பார்கள்?

மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலைப் பக்கம் நடந்து போய்விடுவான். சம்சு கட்டிக்கொடுத்த சோற்றில் மீன் துண்டு எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கும். தூரத்தில் கிரேன்கள் கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தன. அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நம்பர், ஒரு சீல், போய்ச்சேர ஓர் இடம். தன்னை மட்டும் எந்தக் கப்பலோ எந்த ஊரிலோ இறக்கிவிட்டு மறந்து போய்விட்டது என்று தோன்றும். திரும்பிப் போகப் பிடிக்காது. போகாமல் இருக்கவும் முடியாது.

கடைசியாக ஒரே ஒரு எரர் மிஞ்சியது. அது மற்றதைப்போல இல்லை. மூடுகிற பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் பார் என்றது. மூடுகிற பிராக்கெட்டில் பார்க்க என்ன இருக்கிறது? அதற்கு முந்தின வரியையும் பார்த்தான். கண்டெய்னரின் எடை, எண் வரும் கட்டம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அழித்து எழுதினான், முழுக்க அழித்து முதலிலிருந்து எழுதினான், கட்டங்களை இடம் மாற்றி எழுதினான். எந்தக் கட்டத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாலும் அதே இடத்தில் அதே எரர். மழைக்காலம் வந்தது, போனது. பஸ் ஜன்னலுக்கு வெளியே முள்ளக்காட்டு உப்பளங்கள் தண்ணீர் கட்டிக் கிடந்து வடிந்தன, மறுபடி அங்கே பாத்தி கட்டினார்கள். தமீம் அதே பிராக்கெட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பிழை அவனுக்குப் பிடிபட்டது பஸ்ஸில்தான். அச்செடுத்த தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் போனில் வீட்டுக்குச் சாமான் சொல்லிக்கொண்டிருந்தார். “சீரகம், மல்லி, வெந்தயம், அப்பொறம்…” என்று இழுத்தவர் அதோடு நிறுத்திவிட்டார். எதிர்முனையில் பெண்குரல் வெளியே கேட்கிற அளவுக்கு, “அப்பொறம் என்ன? சொல்லும்!” என்றது. “அப்பொறம் ஒண்ணுமில்லட்டி, அவ்ளோதான்.” “ஒண்ணுமில்லன்னா எதுக்கு அப்பொறம்ங்கீரு?” என்று அவள் எரிந்து விழுந்தாள்.

தமீம் தாளைப் பார்த்தான். எடைக் கட்டத்தின் வரி முடிந்த இடத்தில் ஒரு கமா இருந்தது.

இருபது வருஷக் கைப்பழக்கம். ஷார்ஜாவின் பழைய புரோகிராமில் எந்தச் சாமானை ஏற்றினாலும் முடிவில் கமாப் பொத்தானை அழுத்தினால்தான் அது ஏற்றுக்கொள்ளும். கடைசிச் சாமானுக்கும் அப்படித்தான். விரல் அதையே இங்கேயும் செய்துகொண்டிருந்தது. எதைக் கடைசியில் வைத்தாலும் அதன் பின்னால் ஒரு கமா. இன்னொன்று வரும் என்று கம்ப்யூட்டர் காத்துக்கொண்டு நிற்கும், பிராக்கெட் வந்து கதவைச் சாத்தும். அவ்வளவுதான் விஷயம்.

அவனுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்கத் தோன்றியது. பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது. தூத்துக்குடிவரைக்கும் சம்சுவிடம் பேச வேண்டியதை மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தான். முதலில் டேபிள் நின்ற விஷயம். பிறகு ஷார்ஜா விஷயம். கோபப்படுவாள், அழுவாள், பேசாமல் இருப்பாள். இருக்கட்டும். கடைசியில், ‘சரி, இனி இங்கேயே இருங்கோ’ என்று சொல்லாமலா போய்விடுவாள்? இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவன் கால் தரையில் பாவியது.

ஆபீஸில் அவனுடைய கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. காலையில் கரண்டு போய் வந்ததில் ஏதோ கருகிவிட்டது என்றார் பேச்சிமுத்து. ஜக்கரிய்யா சுங்க ஆபீஸுக்குப் போயிருந்தார். ஜெப்ஸி லீவு, அவள் ஊர் சர்ச்சில் அன்று அசன விருந்து.

“அவ சீட்டு சும்மாத்தான கெடக்கு, அங்கன ஒக்காருங்க அண்ணாச்சி,” என்றார் பேச்சிமுத்து.

உட்கார்ந்தான். பென் டிரைவைச் செருகினான். ஜெப்ஸியின் திரையில் அதே கறுப்பு ஜன்னல் ஏற்கெனவே திறந்திருந்தது. தான் எழுதியதை அதில் கொண்டுவந்து போட்டு, கடைசி வரியின் கமாவை அழித்தான். பிஸ்மில்லா சொல்லிப் பொத்தானை அழுத்தினான்.

சிண்டாக்ஸ் எரர் வரவில்லை. அவன் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை என்று கம்ப்யூட்டர் ஒத்துக்கொண்டுவிட்டது. வேறொன்று வந்தது. அவன் இதுவரை பார்த்திராத ஒரு வரி. எழுத்துக்கூட்டிப் படித்தான். ‘இந்த டேபிள் ஏற்கெனவே இருக்கிறது.’

எங்கே இருக்கிறது? தான்தான் எப்போதோ தெரியாமல் போட்டுவிட்டோமோ என்று நினைத்தான். டேபிளில் இருப்பதையெல்லாம் காட்டு என்று கேட்கிற ஒரு வரி அவனுக்குத் தெரியும். அதை எழுதினான். திரை மடமடவென்று ஓடத் தொடங்கியது. கண்டெய்னர் நம்பர்கள், சீல் நம்பர்கள், கப்பல் பெயர்கள், தேதிகள். நிற்காமல் ஓடியது. நேற்று வந்த பெட்டிவரைக்கும் அதில் இருந்தது. தொடக்கத்துக்குப் போய்ப் பார்த்தான். முதல் பெட்டியின் தேதி, அவன் இந்த ஆபீஸுக்கு முதன்முதலில் வந்த வாரம்.

கண்ணாடி கிளாஸில் டீயோடு வந்த பேச்சிமுத்து திரையை எட்டிப் பார்த்து, “ஆமா, இதுலதான தெனமும் ஏத்துதோம்,” என்றார்.

“இத யார் போட்டது?”

“ஜெப்ஸிதான். நீங்க வந்தீயள்லா, அந்த வாரமே போட்டுட்டா. சாயந்தரம் ஒக்காந்தா, நாசரேத் பஸ்ஸுக்குக் கெளம்புறதுக்குள்ள முடிச்சிட்டா.”

“அப்போ நான் போடுறது?”

பேச்சிமுத்துவின் கை நின்றுவிட்டது. வாய் தவறிவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. டீயைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

“மொதலாளி சொல்லியிருக்காவ அண்ணாச்சி. மாப்பிள்ளை மனசு கோணக் கூடாது, அவுக எத்தன நாள் வேணும்னாலும் பாக்கட்டும், ஒருத்தரும் ஒண்ணும் கேக்கப்பிடாதுன்னு. ஒங்க ரூம் கம்ப்யூட்டர்ல தனியா ஒண்ணு வச்சுக் குடுக்கச் சொன்னாவ.”

“எதுக்கு?”

“நான் சொன்னேன்னு சொல்லிராதீய. நீங்க வாரதுக்கு முந்தி ஒங்க வீட்டு அக்கா ஒருநா இங்கன வந்திருந்தாவ. மொதலாளி ரூம்ல ஒக்காந்து அழுதாவ. அவுஹளுக்கு அங்க வேல போயிட்டு, யார்ட்டயும் சொல்லாம உள்ளுக்குள்ளேயே மருகுதாஹ, ஒக்கார ஒரு எடம் குடு காக்கான்னு.” பேச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். “நல்லதுக்குத்தான அண்ணாச்சி செஞ்சாவ.”

சம்சுவுக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கவா வேண்டும்? கிட்டங்கியில் கூட வேலை பார்த்தவனின் மனைவி அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். காயலில் வீடுகளுக்குப் பின்னால் பெண்கள் மட்டும் நடந்துபோக முடுக்கு என்று ஒரு சந்து உண்டு. ஆண்கள் தெருவில் மறைக்கிறதெல்லாம் அந்தச் சந்து வழியாக முன்னமே வீட்டுக்கு வந்துவிடும். அட்டைப்பெட்டிக் கயிற்றைச் சிரித்துக்கொண்டே அவிழ்த்தாளே, அப்போதே தெரியுமோ? அந்த நினைப்பில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. டேபிள் போடத் தெரியாது என்று இவர்களுக்குத் தெரியும். வேலை போனது தெரியும். அவன் ஒருவன்தான் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்குள் ஏசியில் உட்கார்ந்து கமா தேடிக்கொண்டிருந்திருக்கிறான். மாமியார் வீட்டில் ஓர் அறை கொடுத்தார்கள், மச்சான் ஆபீஸில் ஓர் அறை கொடுத்தார்கள். இரண்டிலும் அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். வருகிற வழியெல்லாம் கேட்டுவிடுவது என்றுதான் இருந்தான். ஏன் இப்படிச் செய்தாய், என்னைப் பார்த்தால் உனக்குச் சிறுபிள்ளை மாதிரியா தெரிகிறது என்று கேட்க வேண்டும். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அடுப்படிப் பின்கதவுப் பக்கம், முடுக்கிலிருந்து, சம்சு ‘லாத்தா’ என்று கூப்பிடும் மூத்த பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது.

“ஏளா சம்சு, மாப்பிள்ளைக்கு இன்னும் பயணம் இல்லையா?”

“அவுஹ எங்கே போக? எங்க காக்கா விட மாட்டேங்கிறாஹளே!” சம்சுன்னிசாவின் குரல் உடனே எழுந்தது. எடுத்து வைத்திருந்ததை நீட்டுகிற மாதிரி இருந்தது. “ஆபீஸ்ல பெரிய டேபிள் ஒண்ணு போட்டுக்கிட்டு ஈக்குறாஹ. அது முடியாம அங்க ஒண்ணும் ஓடாதாம். அவ்ளோ பெரிய வேல. இப்போதைக்கு முடியாது லாத்தா.”

பக்கத்து வீட்டுக்காரி போய்விட்டாள். தமீம் கழற்றிய சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். இந்தப் பதிலை அவள் இன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. அந்த வேகத்திலேயே தெரிந்தது. தினமும் யாரோ கேட்கிறார்கள், தினமும் அவள் இதைச் சொல்லித் தன் மாப்பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள். லுப்னாவுக்கும் இதைத்தான் சொல்லி வைத்திருப்பாள்.

அவள் டீயும் தட்டில் வாடாப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் ஒரு பயம் இருந்தது.

“என்ன ஒரு மாதிரி ஈக்குறியோ? டேபிள் நின்னுச்சா?”

பஸ்ஸில் பேசிப் பார்த்த பேச்செல்லாம் அவன் வாய்வரைக்கும் வந்தது. நின்றுவிட்டது என்று சொல்லலாம். சொன்னால், நாளைக்கு முடுக்கில் கேட்பவர்களுக்கு இவள் என்ன பதில் வைத்திருக்கிறாள்?

“இல்ல,” என்றான். “கடைசியில ஒரு எரர் காட்டுது. என்னன்னு புடிபட மாட்டேங்குது.”

சம்சுன்னிசா மூச்சை விட்டாள். அவள் தோள் இறங்கியதை அவன் பார்த்தான்.

“அவசரமில்ல,” என்றாள். “மெதுவாப் பாருங்கோ. சூடு ஆறுறதுக்குள்ள சாப்புடுங்கோ.”

அவன் சாப்பிட்டான். மண்ணைத் தின்பது போலிருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் எல்லாம் தெரியும், இனி சாகும்வரைக்கும் ஒருவர் மற்றவரிடம் அதைச் சொல்லப் போவதில்லை. ஒரே அறையில் அவ்வளவு தனியாக அவர்கள் அதற்கு முன்னால் இருந்ததில்லை. அவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த வருஷங்களில்கூட.

மறுநாள் போனபோது அவனுடைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து வைத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவைத் துடைத்திருந்தார்கள். தமீம் உட்கார்ந்து, தான் எழுதியதைத் திறந்தான். மேலிருந்து கீழ்வரைக்கும் ஒருமுறை படித்தான். சுத்தமாக இருந்தது. ஜெப்ஸி போட்டதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. அவன் வாழ்க்கையில் தன் கையால் முழுதாக, பிழையில்லாமல் செய்து முடித்தது அது ஒன்றுதான். கடைசி வரியின் முடிவுக்குப் போனான். அங்கே ஒரு கமாவைப் போட்டான்.

ஜெப்ஸி கதவைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வந்தாள். பேச்சிமுத்து சொல்லியிருக்க வேண்டும். அவள் கண் சிவந்திருந்தது.

“சார், நேத்து என் சிஸ்டத்துல…”

“ஒண்ணுமில்லம்மா. கடைசி வரிகிட்ட ஒரு எரர் வருது. அதான் பாத்துக்கிட்டு ஈக்குறேன்.”

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். கமா அவள் கண்ணில் படாமல் இருக்க வழியில்லை. ஒரு விரலால் தட்டினால் போய்விடுகிற கமா. அவள் கை மேசைவரைக்கும் வந்தது. அவன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“ஆமா சார். கஷ்டமான எரர்தான்,” என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனாள்.

பேச்சிமுத்து கண்ணாடி கிளாஸில் டீ கொண்டுவந்து வைத்தார். ஜக்கரிய்யா கதவுக்கு வெளியே நின்று கையை உயர்த்தி ஏதோ சொன்னார். கண்ணாடி வழியாகச் சத்தம் வரவில்லை, ஆனாலும் என்ன சொன்னார் என்று தமீமுக்குத் தெரியும். அவரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு திரைப்பக்கம் திரும்பிப் பொத்தானை அழுத்திவிட்டு, எரர் வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.